எட்டுப் பேரும் ஒன்பது கல்லும்

தங்கையன் ஆளை எண்ணமாட்டார். தேங்காயை எண்ணலாம், ஆட்டை எண்ணலாம். மலைக்கு வந்த மனுஷனை விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மலை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று அவருக்குப் பயம். அதனால் கல்லைத்தான் எண்ணுவார். அம்பூரி தாண்டி நெய்யாற்றில் இறங்கும் இடத்தில் ஆளுக்கொரு கூழாங்கல் பொறுக்கச் சொல்வார். இராத்தங்கத் தாவளம் போடும் இடத்திலும், சோறு பொங்க நிற்கும் இடத்திலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையை நடுவில் வைப்பார். வந்து சேர்ந்தவன் தன் கல்லை அதில் போடவேண்டும். புறப்படும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளவேண்டும். கல் சரியாக இருந்தால்தான் அவர் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு உட்காருவார்.

பதினாறு வருஷம் அகத்திய முனியின் மலைக்கு அப்படித்தான் ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். ஒரு வருஷமும் கல் குறைந்ததில்லை.

பாறசாலைக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் அவருக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அப்பனும் அம்மையும் ஒரே வருஷத்தில் வாந்திபேதியில் போய்விட, தங்கை ஸ்ரீகுமாரியை அவரே வளர்த்துச் சதாசிவனுக்குக் கட்டிக்கொடுத்தார். தாம் கலியாணம் கழிக்கவில்லை. அதிகம் பேசவும் மாட்டார். ஆனால் பேசினால் பேசினதுதான். சந்தையில் வெற்றிலைக் கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவது அவரிடம் மட்டும்தான். அடிப்புறம் வாடல் இருந்தால் அவரே சொல்லிவிடுவார். கோயில் வழக்கானாலும் வரப்பு வழக்கானாலும், "தங்கையன் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டு அதோடு முடித்துக்கொள்வார்கள். பொய் சொன்னால் நாக்கு மரத்துப்போகும் என்று சின்ன வயசில் யாரோ சொன்னதை அவர் அப்படியே நம்பியிருந்தார்.

அது எல்லைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த காலம். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. ஐம்பத்து நாலாம் வருஷம் ஆடி மாதம் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் வீட்டில் படுப்பதை விட்டார்கள். போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டால் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் பாய்வார்கள். தங்கையன் கூட்டத்துக்கும் போகவில்லை, ஓடவும் இல்லை. மார்கழி பிறந்ததும் வழக்கம்போல் மலைக்கு ஏற்பாடு செய்ய உட்கார்ந்தார்.

அந்த ஏற்பாட்டில் அவருக்கு நடையைவிட அதிக ருசி உண்டு. பழைய பஞ்சாங்கத்தின் பின்தாளில் கரிக்கட்டையால் மலையை வரைவார். எந்த நாள் எந்த ஓடை, எங்கே ஆனை நடக்கும் தாரை, எங்கே விறகு கிடைக்காது, எல்லாம் அதில் இருக்கும். ஆளுக்கு ஒரு நேரத்துக்கு ஓர் உழக்கு அரிசி. அதற்குமேல் இரண்டு நாளைக்குக் கூடுதல், மழை பிடித்துக்கொண்டால் வேண்டுமே. சிறுபயறு, அவல், கம்பளி, எண்ணெய்த் துணியில் சுற்றின தீப்பெட்டி. அட்டைக்கு உப்பும் புகையிலைத் தூளும் சேர்த்துக் கட்டின கிழி ஒவ்வொருவர் இடுப்பிலும் இருந்தாகவேண்டும்.

அந்த வருஷம் அவரோடு சேர்த்து எட்டுப் பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருவன் எலியா, தச்சுவேலைக்காரன், பழைய மிஷன் கோயிலில் பாடகர் கூட்டத்தில் நிற்பவன். வருஷாவருஷம் வருவான்.

"பூசை உங்களுக்கு, நடை எனக்கு," என்பான். "பின்ன, முனி தமிழ் சொல்லிக்குடுத்த ஆளாக்கும். நம்ம கட்சி. என்மேல கோவிச்சுக்கிடமாட்டாரு."

ஒன்பதாவதாக ஓர் ஆள் வந்து நின்றபோதுதான் தங்கையன் கையிலிருந்த கரிக்கட்டை கீழே விழுந்தது. வந்தது தங்கை புருஷன் சதாசிவன்.

"அளியா, நானும் வாறேன்."

"நீயா? ஏணியில ரெண்டு படி ஏறினா தலை சுத்துதவனாக்கும் நீ!"

"எப்பளும் தையல் மிஷினை மிதிச்சு என்ன கண்டேன்? ஒருக்கா மலையையும் மிதிச்சுப் பாக்கியேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையனும் சிரித்தார். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சதாசிவன் மற்றவர்களைப்போல அரிசி எவ்வளவு, நாள் எத்தனை என்று கேட்டுவிட்டுப் போகிறவன் இல்லை. சாயங்காலம் தோறும் வந்து பஞ்சாங்கத் தாளின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான்.

"உச்சியில நிண்ணா அந்தப் பக்கம் என்ன தெரியும்?"

"தாமிரவருணி பிறக்குத மலை. அந்தப் பக்கத்து வெள்ளம் பாபநாசத்துக்குப் போவுது. அது மதராஸ் ராஜ்யம்."

"வெள்ளத்தைப் பிடிச்சுக்கிட்டே எறங்கினா?"

"செத்துப்போவே. ஓடை எல்லாம் போய்ச் செங்குத்தா விழும். வலத்தோட்டு விளிம்பைப் பிடிக்கணும். புல்லுமேடு வரும், அது தாண்டினா காணிக்காரன் குடிலு. பின்ன வண்டித்தடம். ரெண்டு நாள் நடை."

"அட்டை உண்டா?"

"நம்ம பக்கத்தைவிடக் கூடுதல். பிச்சு எறியப்பிடாது. உப்பு வச்சா தானே விழும்."

இப்படிக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் வாய் ஓயும்? தங்கையன் தம் பதினாறு வருஷத்தையும் மச்சினனிடம் கொட்டித் தீர்த்தார்.

தை மாதம் புறப்பட்டார்கள். விரதம் முடித்து, கோயில் திருநீறு பூசி, மூட்டையைத் தலையில் ஏற்றும்போது ஸ்ரீகுமாரி வாசலில் நின்று அழுதாள். சத்தமில்லாமல் கண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

"எதுக்கு மக்கா கரையுதே? கூட்டிட்டுப் போற ஆளைத் திரும்பக் கொண்டுவந்து உன் கையில ஏல்ப்பிக்கியது எனக்க பொறுப்பு," என்றார் தங்கையன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

காட்டுச்சாவடியில் ஒன்பது பேரின் பெயரும் எழுதிக் கொடுத்து உத்தரவு வாங்கினார்கள். அங்கே வழிகாட்டியாகச் சேர்ந்துகொண்ட மலைக்குடி ஆள் ஈச்சன் காணிக்குக் கல் கிடையாது, மலை அவன் வீடு. மூன்றாம் நாள் உச்சி. அன்றைக்கு முனி முன்னால் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டும்போதே மஞ்சு இறங்கிவிட்டது. நீட்டின கை தெரியவில்லை. ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு கீழே பாறைக்குகைக்கு வந்தார்கள். காற்று விறகைப் பற்றவிடவில்லை. அவலை வெறும் வாயில் மென்றுவிட்டுக் கம்பளியை முகத்தோடு மூடிச் சுருண்டார்கள். தங்கையன் சிரட்டையைத் தடவிப் பார்த்தார். ஒன்பது கல். முனிக்கு ஒரு கும்பிடு போட்டுப் படுத்தார்.

காலையிலும் மஞ்சு விலகவில்லை. தங்கையனும் வழிகாட்டி ஈச்சன் காணியும் முன்னால் நடந்தார்கள், எலியா எப்போதும்போலக் கடைசியில். ஈற்றை மூங்கில் காட்டு வழியாக இறங்கி, பொழுது உச்சிக்கு வரும்போது ஓர் ஓடைக்கரையை அடைந்தார்கள். சிரட்டை வைத்தாயிற்று. கல் விழுந்த சத்தம் கேட்டது. சோறு பொங்கி, பயறு தாளித்து, தங்கையன் தம் கையாலேயே காட்டு வாழை இலைகளைப் போட்டுப் பரிமாறினார்.

எல்லா இலையிலும் சோறு குறைந்துகொண்டு வந்தது. தமக்குப் பக்கத்து இலையில் மட்டும் ஆவி அடங்கி அப்படியே இருந்தது.

"சதாசிவன் எங்க?"

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒதுங்கப் போயிருப்பான்," என்றான் எலியா.

கொஞ்ச நேரம் பொறுத்தார். கூப்பிட்டார். மலை அவர் குரலையே திருப்பித் தந்தது. எழுந்து போய்ச் சிரட்டையைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பாறைமேல் வைத்தார். ஒன்பது. மறுபடி வைத்தார். ஒன்பது. அப்புறம், வாழ்நாளில் முதல்தடவையாக, நின்றுகொண்டிருந்த மனுஷரை விரல் நீட்டி எண்ணினார். காணியை விட்டு, அவரோடு சேர்த்து எட்டு.

கல் இருக்கிறது, ஆள் இல்லை. அப்படியானால் அவன் இங்கே வந்து, கல்லைப் போட்டு, இந்த இடத்திலிருந்துதான் போயிருக்கிறான். தங்கையன் அப்படித்தான் நினைத்தார். வேறுவிதமாக நினைக்க அவருக்குத் தெரியாது. கல்லைப் போட்டது அந்தக் கல்லுக்குரிய கை அல்லாமல் வேறு கையாக இருக்கும் என்பது பதினாறு வருஷத்தில் ஒருநாளும் அவர் மனசில் உதிக்கவில்லை.

ஓடையில் குதித்தார். ஐஸ்போல் இருந்த கயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கி மூழ்கித் துழாவினார். கல் இடுக்கில் காலை விட்டுப் பார்த்தார். பல் கிட்டிப்போய், உதடு நீலம்பாரித்தபோது எலியாதான் இழுத்துப் போட்டான். இழுத்துப் போட்டவன் ஓவென்று அழுதான். தங்கையனுக்கு அந்த அழுகை ஆறுதலாக இருந்தது.

இரண்டு நாள் அந்த ஓடைக்கரையை விட்டு அவர் நகரவில்லை. மழைக்கென்று கொண்டுவந்த அரிசி தீர்ந்தது. ஈச்சன் காணி கூடவே புதர்களை விலக்கிக் காட்டினான். "புலி கொண்டுபோயிருக்குமோ?" என்று கேட்டால், "மலைக்குத்தான் தெரியும்," என்றான். மூன்றாம் நாள் தங்கையனைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவந்தார்கள்.

காட்டுச்சாவடியில் உத்தரவுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஒன்பதைக் கொண்டு போனேன். எட்டுதான் உண்டு. ஒரு உயிரை மலையில போட்டுட்டு வாறேன் சார்!" காவல்காரன் எழுதிக்கொண்டான். எழுதும்போது அவன் கண்ணும் கலங்கியது.

ஊரில் சங்கதி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்ரீகுமாரியைச் சுற்றிப் பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலைவிரிகோலமாகத் தரையில் கிடந்தாள். தங்கையன் வாசலிலேயே விழுந்தார். உள்ளே காலெடுத்து வைக்க அவருக்குத் தைரியமில்லை.

விடிந்து பெண்கள் அவரவர் வீட்டுக்குப் போனபிறகு அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். முகத்தைக் கழுவினாள். அண்ணன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, கரையாதே. அவரு சாவல்ல."

அவர் பார்த்தார். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தார்.

"போராட்ட நேரம் ரோட்டில மரம் வெட்டிப் போட்டதில அவருக்கும் பங்கு உண்டு. வாரன்ட் எழுதியாச்சுண்ணு கோர்ட்டுக் கச்சேரியில வேலைபாக்குத ஒரு ஆளு சொல்லிவிட்டாரு. பஸ்ஸிலயும் ரயிலிலயும் பாத்துப் பாத்துப் பிடிக்கியான். மலைவழி போற சாமிமாரை யாரும் பிடிக்கல்ல. உச்சியில மஞ்சு எறங்கின நேரம் அவரு அந்தப் பக்கம் எறங்கியாச்சு."

"கல்லு..." என்றார் தங்கையன். "கல்லு ஒன்பது உண்டே மக்கா."

"எலியா அண்ணன் போட்டாரு."

"பின்ன, மத்தவனுவ?"

"எல்லாருக்கும் தெரியும் அண்ணே. காணிக்காரனுக்கும் தெரியும்."

தங்கையன் கணக்குப் போட்டுப் பார்த்தார். எட்டுப் பேரில் ஏழு பேருக்குத் தெரியும். தம்மைத் தவிர மலையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தாம் ஐஸ் தண்ணீரில் மூழ்கினபோது கரையில் நின்றவனுக்கெல்லாம் தெரியும். மச்சினன் சாயங்காலம் தோறும் குத்தவைத்திருந்தது, வலத்தோட்டு விளிம்பு, புல்லுமேடு, வண்டித்தடம் எல்லாம் ஒவ்வொன்றாக மனசில் வந்து நின்றன. அவனுக்கு வழி சொல்லிக் கொடுத்தது அவரே.

"எங்கிட்ட ஒரு வார்த்தை..." என்று தொடங்கினார்.

"உனக்குக் கள்ளம் சொல்லத் தெரியாது. நீ நெசமாட்டுக் கரைஞ்சாத்தான் போலீசு நம்பும். என்னைக் கொண்ணு போடு அண்ணே. வேற வழி இல்லாம செய்தேன்." அப்போதுதான் அவள் நிஜமாக அழுதாள். "ஆனா ஒரு காரியம். பாபநாசத்தில சேந்ததும் எலியா அண்ணன் பேருக்கு ஒரு கார்டு போடணும்ணு பேச்சு. இது வரைக்கும் வரல்ல. சேந்தாரா, வழியில கெடக்காரா, ஒண்ணும் தெரியல்ல."

அந்தப் பகல் முழுக்க அவர் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. எலியா வந்து கொடிக்காலின் ஓரத்தில் தலைகுனிந்து நின்றான்.

"எலே, ஞாயித்துக்கிழமை கர்த்தருக்க முன்னால பாடுத வாயிதானா அது?"

"ஆமா அண்ணே. உச்சியில அவனுக்க கல்லை வாங்கி, சிரட்டையில ரெண்டாங் கல்லா நான்தான் இட்டேன். நீங்க கயத்தில முங்கினப்பம் சொல்லிப்போடணும்ணு வாய்வரை வந்துது. சொன்னா அவன் மாட்டுவான். சொல்லல்லேண்ணா நீங்க சாவிய. நான் என்ன செய்ய?"

தங்கையன் வெற்றிலைக் கொடியைத் தாங்குகாலில் கட்டிக்கொண்டே இருந்தார். கட்டினதையே மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

மறுநாள் காலை போலீஸ் ஏட்டு வந்தார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற, தொந்தி பெருத்த ஆள். குடைக்கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"எடோ தங்கையா, ஆளு செத்ததா, ஓடியதா? அது பற."

"நான் சாவடியில சொன்னது நான் கண்டது, அங்கத்தே," என்றார் தங்கையன். அது சத்தியம். அந்த நேரத்தில் அவர் கண்டது அதுதான்.

"உன்னெ எனக்கு விசுவாசம். எனக்க மேலே உள்ளவனுக்கு இல்லை." ஏட்டு ஸ்ரீகுமாரியின் பக்கம் திரும்பினார். "செத்தவனுக்குப் பதினாறாம் நாள் அடியந்திரம் உண்டல்லோ? நானும் சோறு தின்னான் வராம். பிண்டம் வைக்கணும், இவளுக்க தாலி எறங்கணும், நான் அதை எழுதணும். அடியந்திரம் இல்லெங்கில் ஆளு ஜீவனோடே உண்டு. அப்போ மலைக்குப் போன எட்டுப் பேரையும் ஸ்டேஷனில் கேற்றி முதுகை நோக்கவேண்டி வரும். பத்து நாள் தராம்."

ஏட்டு போனதும் ஸ்ரீகுமாரி கழுத்தில் கை வைத்தாள்.

"கழட்டிப் போடுதேன் அண்ணே. அவரு நல்லா இருந்தா, இது பெட்டியில கெடந்தாலும் ஒண்ணுதான். நீ பிண்டம் வை."

தங்கையன் அரண்டுபோய் அவளைப் பார்த்தார். உயிரோடிருக்கிறவனுக்குத் தம் கையால் பிண்டம் வைப்பதா? எள்ளும் தண்ணீரும் இறைத்து, பெயரும் நட்சத்திரமும் சொல்லி, இங்கிருந்து போ என்று அவனை அனுப்புவதா? அதுவும், அவன் உண்மையிலேயே உயிரோடிருக்கிறானா என்றும் தெரியாமல். வைத்தால் கொலை. வைக்காவிட்டால் எட்டுப் பேரின் முதுகுத்தோல். இப்படி ஓர் இடுக்கில் தெய்வம் தம்மை ஏன் கொண்டுவந்து நிறுத்தியது என்று அவருக்கு விளங்கவில்லை.

குளித்துவிட்டுக் கோயில் நடையில் வெகுநேரம் நின்றார். அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டிடம் சொன்னார்.

"உடம்பைக் காணாம அடியந்திரம் நடத்த எனக்க மனசு ஒக்காது. நான் ஒருக்காக்கூடப் போய்த் தேடிட்டு வாறேன். கண்டாலும் காணல்லேண்ணாலும் உள்ளதை வந்து சொல்லுவேன்."

"நீ சொல்லுவே. அது எனக்கு அறியாம்," என்றார் ஏட்டு. "போயிட்டு வா. அஞ்சு நாள் கூடுதல் தராம்."

அந்த வார்த்தையில் கள்ளம் இல்லை. அவர் தேடத்தான் போனார். பஞ்சாங்கத் தாளில் இந்தத் தடவை உச்சிக்கு அந்தப்பக்கமும் கரிக்கோடு இழுத்தார். ஒரே ஆளின் அரிசி, ஐந்து நாளைக்கு. உப்புக்கிழி இரண்டு. ஈச்சன் காணி கூட வந்தான். வழியெல்லாம் சதாசிவனின் பிணம் கண்ணில் படக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே நடந்தார். புல்லுமேட்டுக்குக் கீழே அணைந்துபோன தீக்குழி ஒன்று இருந்தது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு உப்புக்கிழி, மழையில் கரைந்து வெறும் துணியாகக் கிடந்தது. வெள்ளம் விழும் பள்ளத்தை எட்டிப் பார்க்க வெகுநேரம் அவர் துணியவில்லை. பார்த்தார். பாறைதான் இருந்தது.

வண்டித்தடத்தில் ஈச்சன் நின்றுகொண்டான். தங்கையன் தனியே பாபநாசத்துக்கு இறங்கினார். படித்துறையிலும் சத்திரங்களிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். மூன்றாவது சத்திரத்தின் பின்கட்டில் ஒரு பாயில் யாரோ சுருண்டு கிடந்தார்கள். தாடி மண்டி, கன்னம் ஒட்டி, வேறே யாரோபோல. கண்ணைத் திறந்து பார்த்து, "அளியா," என்றான்.

தங்கையன் கையை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது. சதாசிவனின் வலது கால் முழங்கால்வரை பொங்கி, பனங்கிழங்குபோல் கறுத்திருந்தது. அட்டை கடித்த இடமெல்லாம் புண்ணாகிச் சலம் வைத்திருந்தது.

"பிச்சு எறிஞ்சேன் அளியா. உப்பு கைவிட்டுப் போச்சு. பின்ன காய்ச்சல். கார்டு எழுத எழும்ப முடியல்ல. பக்கத்து ஆளுகிட்டச் சொல்லவும் பயம்."

"பிச்சு எறியப்பிடாதுண்ணு சொன்னேனா இல்லியா?"

"சொன்னிய."

"உன்னைத் தேடி நான் முங்கின கயத்துக்க ஆழம் தெரியுமாலே உனக்கு?"

சதாசிவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. தங்கையன் வெந்நீர் வாங்கிவந்து, வேப்பிலை போட்டு, அந்தக் காலைத் தம் மடியில் வைத்துக் கழுவினார். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தார். கால் பிழைக்கும் என்று அவர் சொன்னபிறகுதான் தங்கையன் சோறு தின்றார். சத்திரத்துக்காரரிடம், "எனக்க தங்கச்சி மாப்பிள்ளை, பாத்துக்கிடணும்," என்று ஏல்ப்பித்துவிட்டு, நாலாம் நாள் மறுபடி மலை ஏறினார்.

ஏறும்போது சுமை குறைந்த மாதிரி இருந்தது. உச்சியைத் தாண்டி நம் பக்கம் இறங்கத் தொடங்கியபிறகுதான் அது அவருக்கு உறைத்தது. உள்ளதை வந்து சொல்லுவேன் என்று ஏட்டிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். போகும்போது ஒன்றும் தெரியாத ஆளாகப் போனார். இப்போது தெரிந்த ஆளாகத் திரும்புகிறார். அவன் இருக்கும் சத்திரம் தெரியும், கட்டுப் போட்ட வைத்தியரைத் தெரியும். தேடப் போகாமல் இருந்திருந்தால் சத்தியமும் கெட்டிருக்காது. தாமே நடந்து போய் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். தாவளத்தில் அந்தப் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார். ஈச்சன் இரண்டு தடவை புறப்படலாமா என்று கேட்டும் அவர் எழுந்திருக்கவில்லை.

பதினைந்தாம் நாள் காலை ஏட்டு, சொன்னபடி, வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் எழுதும் புத்தகம். ஸ்ரீகுமாரி வாசல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வந்து ஒருநாள் ஆகியும் அவளிடம்கூட அவர் "ஆளு உண்டு, கால் சரியாவும்" என்பதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. ஏட்டிடம் என்ன சொல்லப்போகிறார் என்பது அவளுக்கும் தெரியாது. எலியாவும் மற்ற ஆறு பேரும் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

"எந்தா தங்கையா, கண்டோ?"

தங்கையன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஏட்டின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"காணல்ல."

ஒரே வார்த்தை. திக்கவில்லை, திணறவில்லை. இருபத்தைந்து வருஷம் வெற்றிலைக் கட்டுக்கு விலை சொன்ன அதே குரல்.

"காடு முழுக்கப் பாத்தேன். ஒரு எலும்புத் துண்டு இல்ல. உடம்பு கிட்டாத்தவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கணும்ணு முறை உண்டு. அதுவரைக்கும் இவ தாலி இருக்கட்டும். வருஷாவருஷம் நான் போய்த் தேடுவேன்."

வேலிக்கு வெளியே யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. ஏட்டு திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, நின்றபடியே ஒரு வரி எழுதினார். மறு கேள்வி கேட்கவில்லை. சாட்சி கேட்கவில்லை. புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மற்றவன் பறஞ்ஞா நான் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கேட்டிருப்பேன். தங்கையன் பறஞ்ஞா மதி," என்றார். நீ சொன்னால் அதுவே போதும் என்று அவர் மனசறிந்து சொன்னார். பரிவாகத் தங்கையனின் தோளில் ஒரு தட்டும் தட்டினார். "கொறச்சு வெள்ளம் தரணும். நல்ல வெயில்."

தங்கையன் நின்ற இடத்திலேயே நின்றார். வாய்க்குள் நாக்கைப் பல்லில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். மரத்துப்போகவில்லை. வானம் இடியவில்லை. கோயில் மணி எப்போதும்போல் அடித்தது. இவ்வளவுதானா? இவ்வளவு எளிதாக வருமா இது? இத்தனை வருஷமும் தம்முள் இது எங்கே ஒளிந்திருந்தது? மச்சினன் போனதையும், எலியாவின் கையையும், தங்கை சொன்னதையும்விட இதுதான் அவரை அடித்துப் போட்டது.

"மக்கா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "அங்கத்தைக்கு வெள்ளம் கொண்டா."

குரல் கொஞ்சமும் மாறாமல் வந்தது. அதைக் கேட்டு அவரே திடுக்கிட்டார்.